கமரா எங்கே நின்றது?

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹோட்டல் மண்டபங்களில் எங்களைப் போன்ற மாணவர்களைக் கூட்டிவைத்து "போலிச் செய்தியை இனங்காண்பது எப்படி" என்று பயிற்சிப்பட்டறை நடத்துகிறார்கள். படத்தைக் கூகிளில் போட்டுத் தேடு. எந்த ஆண்டு, எந்த நாட்டில் எடுத்தது என்று பார். கையில் ஆறு விரல் இருக்குதா என்று எண்ணிப் பார். மத்தியானம் புரியாணி, பின்னேரம் சான்றிதழ்.

இதில் பிழை ஒன்றுமில்லை. சிரியாவில் எடுத்த படத்தைப் போட்டு "வன்னியில் நடந்தது" என்று பகிர்கிற சித்தப்பாமார் எல்லோருடைய குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் இந்தப் பயிற்சி தேவை. ஆனால் எங்களுக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. இந்தப் பட்டறைகள் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப் பழக்குகின்றன: இந்தப் படம் உண்மையா, பொய்யா?

இந்த நாட்டில் எங்களுக்கு நடந்த மிகப் பெரிய மறைப்பு பொய்ப் படங்களால் நடக்கவில்லை. உண்மையான படங்களால்தான் நடந்தது. வெட்டி ஒட்டாத, திகதி மாற்றாத, எந்த ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாலும் "அசல்" என்று சான்றிதழ் கிடைக்கக்கூடிய படங்களால். எது காட்டப்பட்டது என்பதை மட்டும் ஆராய்கிற கண்ணுக்கு அந்த மறைப்பு கடைசிவரைக்கும் பிடிபடாது. அதற்கு வேறு கேள்வி வேண்டும். கமரா எங்கே நின்றது? அங்கே நிற்க அதற்கு அனுமதி கொடுத்தது யார்? எங்கே நிற்க விடவில்லை?

2009இல் எங்களில் பலர் முன்பள்ளியிலோ முதலாம் இரண்டாம் வகுப்பிலோ இருந்தோம். அந்த ஆண்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பாதி பெரியவர்கள் சொன்னது. மற்றப் பாதி படங்களாலும் வீடியோக்களாலும் வந்தது. ஆகவே அந்தப் படங்கள் எப்படி உருவாகின என்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு பாடவிதானக் கேள்வி இல்லை. எங்கள் நினைவு எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்ற கேள்வி.

கதையை 2008 செப்டெம்பரில் இருந்து தொடங்க வேண்டும். அந்த மாதம்தான் ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி நின்று "போகாதேங்கோ" என்று கெஞ்சியது. அந்த வெளியேற்றத்தை உதவி நிறுத்தம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். வெளியேறியது சாட்சி. சுயாதீனச் செய்தியாளர்கள் அதற்கு முன்பிருந்தே உள்ளே போக முடியாத நிலை. இப்போது வெளிநாட்டுக் கண்களும் போய்விட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மனிதர்கள் இருந்த ஒரு நிலத்தில் இரண்டே இரண்டு தரப்பின் கமராக்கள்தான் மிஞ்சின. ஒன்று அரசாங்கத்தின் படையோடு வந்தது. மற்றது விடுதலைப் புலிகளோடு இருந்தது.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. ரூபவாஹினியும் ஐ.ரி.என்.னும் காட்டிய காட்சிகளில் கொடி ஏறியது, டாங்கி ஓடியது, வெறும் நகரம் தெரிந்தது. தெற்கில் வெடி கொளுத்தினார்கள். நாலு நாள் கழித்து, ஜனவரி 6 அதிகாலை, தெபானமவில் இருந்த சிரச தொலைக்காட்சிக் கலையகத்துக்குள் ஆயுதக் கும்பல் ஒன்று புகுந்து உபகரணங்களை நாசமாக்கியது. அதற்கு முந்தைய நாட்களில் அந்த அலைவரிசை தேசப்பற்றில்லாதது என்று அரச ஊடகங்களில் வசை நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளில், ஜனவரி 8, சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டார். ஜே.எஸ். திசைநாயகம் அதற்கு முந்தைய வருடமே எழுதியதற்காகச் சிறையில். அந்த ஆண்டு ஓகஸ்டில் அவருக்கு 20 வருடத் தண்டனை கிடைத்தது. இவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாகப் படித்தால் "ஊடக சுதந்திர மீறல்" என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் வரும். சேர்த்துப் படித்தால் ஒரு சட்டகம் செய்யப்படுவது தெரியும். வன்னியில் கமராவை இல்லாமலாக்கிய கையோடு, கொழும்பில் "வேற கமரா வேணும்" என்று கேட்கக்கூடிய வாய்களையும் அடைத்தார்கள்.

ஒரு எண்ணை ஞாபகப்படுத்த விரும்புகிறோம்: 70,000. வன்னியில் அகப்பட்டிருந்த பொதுமக்கள் அவ்வளவுதான் என்று 2009இன் முற்பகுதியில் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் முகாம்களில் வந்து சேர்ந்தவர்களின் தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பிழை என்று சிரித்துவிட்டுப் போக ஏலாது. இல்லாத சனத்துக்கு உணவும் மருந்தும் அனுப்பத் தேவையில்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதையும் அதையொட்டி விநியோகம் குறைந்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. ஒரு கமராவாவது வானத்தில் இருந்து அந்தச் சனத்திரளை அகலமாகக் காட்டியிருந்தால் 70,000 என்ற எண் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

வானத்தில் கமரா இருந்தது. அதுதான் விஷயம்.

2009 ஏப்ரல் 20. புதுமாத்தளன் பக்கமாக இராணுவம் உடைத்துக்கொண்டு போகிறது, சனம் நந்திக்கடல் நீரேரியைக் கடந்து வெளியே வருகிறது. ஆளில்லா விமானத்தில் இருந்து எடுத்த அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. கறுப்பு வெள்ளையில் எறும்பு ஊருகிற மாதிரி ஆயிரக்கணக்கான புள்ளிகள். அரசாங்கம் அதற்குக் கொடுத்த தலைப்பு மனிதாபிமான நடவடிக்கை, பணயக்கைதிகள் மீட்பு. காட்சி அசல். புள்ளிகள் உண்மையான மனிதர்கள். அவர்கள் உண்மையில் ஓடினார்கள். பட்டறையில் படித்த எந்தச் சோதனையாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க ஏலாது.

ஆனால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் என்ன தெரியாது? காயம் தெரியாது. பசி தெரியாது. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கும் உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கும் வித்தியாசம் தெரியாது. முந்திய நாள் எங்கே செல் விழுந்தது, அந்தச் செல் யாருடையது என்று தெரியாது. ஓடத் தொடங்குகிற கணம்தான் காட்டப்பட்டது. ஏன் ஓடினார்கள் என்பதற்கான மூன்று மாதம் வெளியே விடப்பட்டது. அதே கமரா அந்த மூன்று மாதமும் அந்த வானத்தில் பறந்திருக்கிறது. அது பார்த்தது எல்லாம் எங்கே? பார்க்க முடிந்தவர்கள், பார்த்ததில் ஒரு துண்டை வெட்டி எங்களுக்குத் தந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்று தாங்களே அறிவித்த இடத்தின்மேல் கமரா வைத்திருந்தவர்கள் "அங்க என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியுமா?

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 27இல், கனரக ஆயுதங்களைப் பாவிப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பாவிக்கவே இல்லை என்று சொல்லிவந்த ஒன்றை நிறுத்துவதாக ஓர் அறிவித்தல்! படம் இல்லாத இடத்தில் இப்படி ஒன்றுக்கொன்று முரணான சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சோறு தின்னலாம்.

இன்னொரு காட்சி ஜூலை 8இல் வந்தது. கடைசிவரைக்கும் வன்னி வைத்தியசாலைகளில் நின்ற ஐந்து மருத்துவர்கள் கொழும்பில் செய்தியாளர் மாநாட்டில் கமராக்களுக்கு முன்னால் இருந்து, தாங்கள் சொன்ன இறப்புத் தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். மறுபடியும் அசல் காட்சி. அவர்களுடைய வாய்தான், அவர்களுடைய குரல்தான். சட்டகத்துக்குள் இல்லாத ஒன்றே ஒன்று, அவர்கள் அப்போது தடுப்புக்காவலில் இருந்தார்கள் என்பது. அவர்கள் எந்த வாசலால் அந்த மண்டபத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள், மாநாடு முடிந்து எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்பதைக் கமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் கண்டிருக்கலாம்.

இதுவரை வாசித்துத் தலையாட்டிய நண்பர்கள் இனி வருகிற பகுதியையும் அதே பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

மற்றக் கமராவும் அப்பாவி இல்லை. தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியும் அதற்கு முன்பிருந்த நிதர்சனமும் காட்டிய இடம்பெயர்வும், செல்லில் சிதறிய பிள்ளைகளும், வைத்தியசாலை மண்ணில் கிடத்தப்பட்ட மனிதர்களும் எல்லாம் உண்மை. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்களிடம் சாட்சியே இருந்திருக்காது. ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்தவர்கள் கதவைத் தட்டிய இரவுகளை அந்தக் கமரா எடுத்ததா? பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையைப் பதுங்குகுழியில் ஒளித்துவைத்த தாயை எடுத்ததா? வெளியேற முயன்றவர்கள்மீது சொந்தப் பக்கத்தில் இருந்தே சூடு விழுந்ததை எடுத்ததா? இவை கொழும்பு கட்டிவிட்ட கதைகள் இல்லை. அரச படைகளின் குற்றங்களை எழுதிய அதே நிபுணர் குழு அறிக்கை இவற்றையும் எழுதியிருக்கிறது. அதைவிட முக்கியம், வன்னியில் இருந்து வந்த எந்த வீட்டிலும் குசினிக்குள் இருந்து கதைத்தால் இவை வரும். குசினிக்குள் வருகிற கதை மேடைக்கு ஏன் வருவதில்லை? ஏனென்றால் மேடையில் கமரா இருக்கிறது.

"இப்ப இதைச் சொன்னால் அரசாங்கத்துக்குத்தான் வாய்ப்பு" என்று சொல்லுவீர்கள். எங்களுக்கு இந்த வாதம் நல்லாகத் தெரியும், ஒவ்வொரு மே மாதமும் கேட்கிறோம். இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். "எங்கள் பக்கத்துக்கு உதவாத காட்சியைக் காட்டாதே" என்பதுதான் ரூபவாஹினி ஆசிரியபீடத்தின் விதியும். அதே விதியை வைத்துக்கொண்டு அவர்களை மட்டும் குற்றஞ்சாட்ட எங்களுக்கு வாய் வராது. இரண்டு தரப்பின் பலமும் ஒன்றல்ல, குற்றத்தின் அளவும் ஒன்றல்ல. ஒரு அரசின் பீரங்கியையும் ஒரு தாயின் கண்ணில் இருந்து பிள்ளையைப் பறித்த கையையும் தராசில் வைத்துச் சமப்படுத்துவது எங்கள் வேலை இல்லை. இரண்டையும் பார்க்கிற கண் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இதன் விளைவைப் பல்கலைக்கழகத்தில் தினமும் காண்கிறோம். ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கிற சிங்கள நண்பர்களும் நாங்களும் 2009 பற்றி இரண்டு வேறு அல்பங்களோடு வந்திருக்கிறோம். அவர்களுடைய அல்பத்தில் வெடிகுண்டு இல்லாத பஸ், பாற்சோறு, தேசியக் கொடி, சனத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிற சிப்பாய். எங்களுடையதில் பதுங்குகுழி, தறப்பாள், மெனிக் பாம் முட்கம்பி, ஒருபோதும் திரும்பி வராத ஒருவரின் பாஸ்போர்ட் அளவுப் படம். அவர்களுடைய படங்களில் ஒன்றும் பொய் இல்லை. சிப்பாய் தண்ணீர் கொடுத்தது உண்மை. தற்கொலைக் குண்டுக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிய தாயின் நிம்மதியும் உண்மை. ஆகவே நாங்கள் "அது பொய்" என்று தொடங்கினால் அவர்கள் அதோடு காதை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் "எங்கட படம் உண்மை" என்று தொடங்கினால் நாங்கள் எழும்பிப் போகிறோம். கதை அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த இடத்தில்தான் முடிகிறது.

2011இல் நடந்ததும் இதுதான். ஜூன் 14ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 வன்னியின் கடைசி மாதங்கள் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சு பதிலுக்கு ஒரு படம் வெளியிட்டது. நாடு முழுக்க விவாதம் எதைப்பற்றி? சனல் 4 வீடியோ அசலா, போலியா? பிக்சல், ஒலி, கோடெக். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள், யார் கட்டளையிட்டது, உடல்கள் எங்கே என்ற கேள்விகள் எல்லாம் அந்தத் தொழில்நுட்பப் புழுதிக்குள் மூடுண்டு போயின. "உண்மையா பொய்யா" என்ற கேள்வி எப்போதும் பாதிக்கப்பட்டவருக்கு உதவும் என்று நினைக்க வேண்டாம். காலம் கடத்த நினைக்கிற அரசுக்கு அதைவிட நல்ல கேள்வி வேறு கிடையாது.

அந்த வீடியோக்களில் மிக மோசமானவற்றை எடுத்தவர்கள் யார் என்பதும் யோசிக்க வேண்டியது. சிப்பாய்கள் தங்கள் போனில் வெற்றிச் சின்னமாக எடுத்து வைத்தவை அவை. ஆகவே எங்கள் துயரத்தின் சாட்சியம்கூடக் கொன்றவனின் கண்ணில் இருந்துதான் எங்களுக்குக் கிடைத்தது. இசைப்பிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் தோன்றியவர், அவருடைய முகம் ஒரு காலத்தில் செய்தியின் முகம். சண்டையில் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் பாதுகாப்பு அமைச்சு அவருடைய பெயரைப் போட்டது. முதலில் வெளியே வந்தது அவருடைய உயிரற்ற உடலின் காட்சி. 2013 நவம்பரில் சனல் 4 இன்னொரு வீடியோவை வெளியிட்டது. அதில் அவர் உயிரோடு, சிப்பாய்களின் கையில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் வழக்கு. அதைக் காட்டுகிற படம் எங்களிடம் இல்லை. நாங்களோ நடுவில் இருக்கிற அந்த நேரத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, வருடா வருடம் அந்த உடலின் படத்தைப் பகிர்கிறவர்களைச் சகித்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பெண்ணும் தன்னைப் பற்றி விட்டுச்செல்ல விரும்பியிருக்க மாட்டாத ஒரு படத்தை, அதை எடுத்தவன் விரும்பியபடியே உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். "நினைவேந்தல்" என்று அதற்குப் பெயர் வேறு.

இந்தச் சட்டக வேலை இலங்கைக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு இல்லை. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க இராணுவம் தினமும் காட்டியது, இலக்கைத் தேடிப்போய்ச் சரியாக விழுகிற குண்டின் வீடியோ. போடப்பட்ட குண்டுகளில் அப்படி வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் பெரும்பாலும் சாதாரணக் குண்டுகள், அவற்றுக்குக் கமரா இல்லை. அதே ஆண்டில் இருந்து 2009வரை, கொல்லப்பட்ட தங்கள் சிப்பாய்களின் சவப்பெட்டிகள் டோவர் தளத்தில் வந்து இறங்குவதைப் படம் எடுக்கவும் அங்கே தடை இருந்தது. 2003 ஏப்ரல் 9இல் பக்தாத் பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாமின் சிலை விழுந்தபோது கிட்டத்தில் எடுத்த படத்தில் பெருங்கூட்டம். எட்ட நின்று எடுத்த படத்தில் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு படமும் அசல். எங்களுக்குப் பாடமாக இருக்கிற ஸ்ருவர்ட் ஹோலும் ஜூடித் பட்லரும் சொல்கிற விஷயம் இதைச் சுற்றித்தான். யாருடைய சாவு துக்கத்துக்குரியது என்பதைச் சட்டகம் முன்கூட்டியே முடிவு செய்கிறது என்று பட்லர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 2009இல்தான். எங்கள் கலைப்பீடங்களில் இந்தப் பெயர்களைக் குறிப்பில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு வருகிறோம். உதாரணத்துக்கு ஈராக்கை எழுதுகிறோம். வாசலுக்கு வெளியே இருக்கிற உதாரணத்தை எழுத யாரும் சொல்வதில்லை.

"அது அந்தக் காலம், இப்ப எல்லாற்ற கையிலயும் கமரா இருக்கு" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. ஆனால் கமராக்கள் பெருகியதால் சட்டகம் உடைந்துவிட்டதா?

2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் போராட்டம் தொடங்கியதும் நாடே இரவு பகலாக நேரலையில் இருந்தது. ஜூலை 9 ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகம் உலகத் தலைப்பானது. நல்லது. அந்தத் திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டதையும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2017 பெப்ரவரியில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் வந்து இருந்துவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த போராட்டம். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே பல தாய்மாரும் தகப்பன்மாரும் இதற்குள் செத்துப்போனார்கள். அங்கே கமரா போகத் தடை இல்லை. பஸ் ஏறினால் போகலாம். யாரும் தடுக்காத இடத்துக்குத் தேசிய அலைவரிசைகள் ஆயிரமாவது நாள், இரண்டாயிரமாவது நாள் என்று எண் வட்டமாக வருகிறபோது மட்டும் எட்டிப் பார்த்தன. "போராட்டம்" என்று ஒரு தென்னிலங்கை மாணவருக்குச் சொன்னால் மனதில் எழுகிற படம் எது, எழாத படம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

வேறு யாரையும் குறைசொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. முழுக்க முழுக்க எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குச் செய்கிறது: உதவி வீடியோ. யூடியூப்பைத் திறந்தால் தெரியும். ஒருத்தர் கமராவோடு வன்னியில் ஒரு கொட்டில் வீட்டுக்குப் போகிறார். உள்ளே ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். "அம்மா, உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ." அம்மா சொல்கிறார். போதாது. "புருஷன் எப்ப இல்லாமல் போனவர்?" இப்போது அழுகை வருகிறது. கமரா கிட்டப் போகிறது. பின்னணியில் புல்லாங்குழல். கனடாவில் இருந்து ஒரு அண்ணா அனுப்பிய காசை எண்ணிக் கையில் கொடுக்கிறார்கள், நோட்டை விரித்துக் காட்டுகிறார்கள். "அண்ணாவுக்கு நன்றி சொல்லுங்கோ அம்மா." அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். வீடியோவுக்குக் கீழே கண்ணீர் எமோஜி.

காசு உண்மை. கஷ்டம் உண்மை. அனுப்பியவரின் மனமும் பெரும்பாலும் நல்ல மனம்தான். சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? அந்த அம்மாவுக்கு ஏன் நிரந்தர வருமானம் இல்லை? அவருடைய காணி எங்கே, யாரிடம்? கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் கம்பனிக்காரர் யார்? பிரதேச செயலகத்தில் வீட்டுத்திட்டப் பட்டியலில் அவருடைய பெயர் ஏன் இல்லை? இந்தக் கேள்விகளுக்குக் கமராவைத் திருப்பினால் அழுகை வராது, ஆத்திரம் வரும். ஆத்திரத்துக்குப் பார்வையாளர் எண்ணிக்கை ஏறாது. அதனால் வறுமை அங்கே யாரும் செய்யாமல் தானாகவே வந்த வானிலை மாதிரிக் காட்டப்படுகிறது. போரால் உடைந்த ஒரு சமூகம் கைநீட்டுகிற சமூகமாக மட்டும் புலம்பெயர் வீடுகளின் திரையில் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்கோ, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் "உன்ர அம்மா யூடியூப்பில அழுதவ" என்று கேட்கப்போகிற நாள் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த அம்மாவால் "படம் எடுக்க வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? அரிசியும் பருப்பும் கமராவுக்குப் பின்னால் இருக்கும்போது அது சம்மதம் ஆகாது.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லாமல் போவது சரியில்லை. "எந்தக் கமராவும் எல்லாத்தையும் காட்ட ஏலாது. சட்டகம் எண்டாலே தெரிவுதான். அப்ப படமே எடுக்கக் கூடாதா?" எடுக்க வேண்டும். தெரிவு செய்வது குற்றமில்லை. தெரிவு செய்ததை மறைப்பதும், மற்றவன் தெரிவு செய்ய முடியாதபடி வாசலை அடைப்பதும்தான் குற்றம். ஒரு நல்ல செய்திப்படக்காரர் "நான் இந்த இடத்தில் நின்றேன், இதற்கப்பால் என்னைப் போக விடவில்லை" என்று சொல்லுவார். அந்த ஒரு வரி போதும், பார்க்கிறவருக்கு வெளியே ஒன்று இருக்கிறது என்று விளங்கிவிடும். ஏப்ரல் 20 காட்சிக்கு அந்த வரி இருக்கவில்லை. உதவி வீடியோவுக்கும் இல்லை.

அதனால் எங்கள் கோரிக்கைகள் சின்னவை, ஆனால் கறாரானவை. ஊடகக் கற்கை சொல்லித்தருகிற ஆசிரியர்களே, ஈராக்கை ஒரு வாரம் படிப்பியுங்கள், மிச்ச வாரங்களில் ரூபவாஹினியையும் நிதர்சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். பட்டறை நடத்துகிறவர்களே, "இது போலியா" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "இதில் யார் இல்லை" என்ற கேள்விக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். யூடியூப் செய்கிற நண்பர்களே, உதவி செய்யுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். காட்டத்தான் வேண்டுமென்றால் கச்சேரி வாசலையும் கடன் கம்பனியின் பெயர்ப்பலகையையும் காட்டுங்கள்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வருகிற மே மாதம் பகிர்வதற்கு முன்னால், வீட்டில் வன்னியைக் கடந்து வந்த ஒருவர் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, எந்தப் படத்திலும் வராத ஒன்றைக் கேட்கலாம். கமராவை வெளியே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். சொன்னதை, திகதியும் இடமும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். அவர் சொல்வது ஒரு தரப்பின் வீரக்கதைக்குள்ளும் மற்றத் தரப்பின் மீட்புக்கதைக்குள்ளும் அடங்காமல் போகலாம். அடங்காததைத்தான் முதலில் எழுத வேண்டும். சிங்களம் தெரிந்தவர்கள் அதில் ஒன்றையாவது சிங்களத்தில் எழுதி, விரிவுரையில் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுக்கலாம். அவரிடமும் கேட்கலாம்: உங்கட வீட்டு ரி.வி.யில அண்டைக்கு என்ன காட்டினவங்கள்?